ஒட்டிலியா ஊற்றிய தண்ணீர்

ரைன் ஆற்றங்கரையில் வீசன்பாக் என்ற திராட்சைத் தோட்ட ஊருக்கு ஒட்டிலியாதான் மருத்துவச்சி. பீப்பாய் செய்யும் வெண்டலின் மனைவி. கை பெரியது, குரல் அதைவிடப் பெரியது. பிரசவ அறைக்குள் அவள் நுழைந்தால் வலியில் கத்துகிறவள்கூட ஒரு நிமிடம் நிறுத்தி, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பாள்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் அந்த வேலை கிடைத்துவிடாது. சபை மூப்பர்கள் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். சிற்றரசர், கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த கால்வின் சபை என்பதால் ஊரும் கால்வின் சபை. போதகர் ஃபாபியான் அவளை எதிரில் நிற்கவைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"பாரும்மா, குழந்தை சாகப்போகுதுன்னாலும் நீ தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. அது கோயில்ல, சபை கூடியிருக்கும்போது, நான் கொடுக்கறது."

"அதுக்குள்ள செத்துப்போச்சுன்னா?"

"தேவன் தெரிஞ்செடுத்த பிள்ளைன்னா தண்ணி இல்லாமலே சேர்த்துக்குவார். சொட்டுத் தண்ணிக்காகவா அவர் காத்துக்கிட்டிருக்கார்? அதெல்லாம் கத்தோலிக்கருங்க பண்ற மந்திர வேலை."

ஒட்டிலியாவுக்கு அது நியாயமாகவே பட்டது. வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் ரொட்டிக்கடை சிபில்லாவின் தலைச்சன் நீலம் பாரித்துப் பிறந்தது. தலைகீழாகப் பிடித்தாள், முதுகில் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். குழந்தை இரண்டு முறை விக்கியது. போதகரைக் கூட்டிவர ஆள் ஓடியிருந்தது. "அக்கா, ஒரு கை தண்ணி ஊத்தேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்று சிபில்லா அவள் பாவாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஜாடி ஜன்னலோரம் இருந்தது. ஒட்டிலியா அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. போதகர் வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் நல்ல வார்த்தைகள்தான் சொன்னார். சிபில்லா சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சண்டை வந்தது. சிற்றரசர் தூர தேசத்துக் கிரீடம் ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அது பிடிக்காதவர்களின் படை அவரை விட்டுவிட்டு வீசன்பாக்குக்கு வந்தது. ஸ்பானியப் படை, கத்தோலிக்கர்கள். ஃபாபியான் மனைவியையும் இறகு மெத்தைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார். போகிற அவசரத்தில் யாருக்கும் எந்த உபதேசமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று பங்கு வைத்தார்கள். ஒட்டிலியா வீட்டுக்கு வந்தவன் எஸ்தேபான். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. கூடவே பிரபாண்ட் நாட்டுப் பெண்டாட்டி மாய்க்கன், நிறை வயிற்றோடு. அவள் பேச்சு இவர்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்ததால் புரிந்தது; அவளிடம் கற்றதை வைத்து அவனும் பேசினான். புகைபோக்கியில் தொங்கிய பன்றி இறைச்சியை எஸ்தேபான் முதல் நாளே இறக்கினான்.

"பன்னி எங்களோடது, விறகு எங்களோடது, உப்பும் எங்களோடது. உங்க ராஜா என்னதான் கொடுத்தனுப்பினான்?" என்றாள் ஒட்டிலியா.

"பசியைக் கொடுத்தனுப்பினாரு," என்றான் அவன், வாய் நிறைய மென்றுகொண்டே. "கடலுக்கு அந்தப்பக்கம் பெருவிலேருந்து கப்பல் கப்பலா வெள்ளி வருது. அதை ஏத்திவிட்டவங்கள்ல நானும் ஒருத்தன். என் கைக்குத்தான் வந்து சேரல."

"ஏன், அங்கயே இருந்து தொலைச்சிருக்கலாமே?"

வெண்டல் அவள் காலை மேசைக்கடியில் மிதித்தான். எஸ்தேபான் கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அங்கே மலைமேல் ஓர் ஊருக்குப் போன கதையைச் சொன்னான். துப்பாக்கியோடு அவனும் மற்றச் சிப்பாய்களும் சுற்றி நின்றார்களாம். சாமியார் ஒரு வாளித் தண்ணீரில் இலைக்கொத்தை முக்கி முக்கி, ஊர் மொத்தத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குள் ஞானஸ்நானம் கொடுத்து முடித்துவிட்டாராம்.

"அவங்க கேட்டாங்களா?" என்றாள் ஒட்டிலியா.

"அவங்க பாஷை யாருக்குத் தெரியும்?"

"அப்புறம்?"

"அடுத்த வருஷம் போனப்போ அம்மை வாரிட்டுப் போயிருந்துச்சு. பாதி வீட்டுல ஆளே இல்ல." கொஞ்ச நேரம் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா எல்லாரும் மோட்சத்துக்குப் போயிருப்பாங்க," என்றான்.

ஒட்டிலியா பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக எடுத்து வைத்தாள்.

மாய்க்கனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி கண்டது. குழந்தை காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது. ஒட்டிலியா என்னென்ன தெரியுமோ அத்தனையும் செய்தாள். பெண் குழந்தை, கோழிக்குஞ்சு மாதிரி, கையில் துவண்டு கிடந்தது. மூச்சு இழைபோல் வந்தது. கதவுக்கு வெளியே நின்ற எஸ்தேபானுக்குக் குழந்தை அழாததே போதுமாக இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"ஊத்து! தண்ணி ஊத்து!"

"என்னால முடியாது. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எவன்கிட்ட? ஓடிப்போனானே, அவன்கிட்டயா?"

மாய்க்கனுக்குக் கெஞ்சிக் கேட்கத் தெம்பில்லை. ஒட்டிலியாவின் பாவாடையைப் பிடிக்க மட்டும் கையை நீட்டினாள்; எட்டவில்லை. ஒட்டிலியா கிண்ணத்தில் கைவிட்டு அள்ளி, அந்தச் சின்னத் தலையில் ஊற்றினாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று சொன்னபோது குரல் உடைந்தது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. குழந்தை மதியம்வரை இருந்தது. எஸ்தேபான் அதை மூன்று விரல் கையில் ஏந்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். அன்று அவன் பெருவைப் பற்றிப் பேசவில்லை.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? மறுநாள் ரொட்டி வாங்கப் போனாள். சிபில்லா ரொட்டியைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள்.

"ஸ்பானியக்காரன் குழந்தைக்கு ஊத்துனியாமே."

"ஊத்துனேன்."

"என் பிள்ளைக்கு உன் கை வரலையேக்கா."

ஒட்டிலியா ரொட்டியை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து வெண்டல்மேல் எரிந்து விழுந்தாள்.

சில வருடங்களில் ஊர் கத்தோலிக்க ஊராகிவிட்டது. புதிதாக வந்த சாமியார் அவளைக் கூப்பிட்டு, சாகிற குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் மகா பாவம் என்றார். "ஊத்துவேன்னு சத்தியம் பண்ணு."

"ஊத்த மாட்டேன்னுதான் சாமி ஏற்கெனவே பண்ணியிருக்கேன்."

"அது சத்தியமே இல்ல."

அதற்குப் பிறகு ஸ்வீடன் நாட்டுப் படை வந்து கத்தோலிக்கரை விரட்டியது. அவர்கள் லுத்தர் சபை, கத்தோலிக்கமும் இல்லை, கால்வினும் இல்லை. அவர்களோடு வந்த போதகர், "ஊத்தலாம், ஆனா நீ ஊத்துன ஒவ்வொண்ணையும் நான் விசாரிக்கணும்," என்றார். அதற்கும் ஒரு சத்தியம். ஸ்வீடன்காரர்கள் தோற்று, கத்தோலிக்கப் படை திரும்பி வந்தது. பழைய சாமியாரும் வந்தார். நடுவில் ஊர் லுத்தர் சபைக்குப் போய்க் கெட்டதால் சத்தியத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். ஒவ்வொரு படையும் ஆடு மாட்டைத் தின்றது, திராட்சைக் கொடியை வெட்டி அடுப்பெரித்தது. கொள்ளைநோய் வந்த வருடம் பிறந்தவர்களைவிடப் புதைக்கப்பட்டவர்கள்தான் அதிகம்.

"உனக்கு மட்டும் ஏண்டி இவ்வளவு ஆத்திரம்?" என்பான் வெண்டல். "நான் பீப்பாய் செய்றேன். எந்தக் கோயில்காரன் ஒயினைக் குடிக்க மாட்டேங்கிறான்?"

"உங்க பீப்பாய் செத்துப்போனா எங்க போகும்னு எவனும் கேக்கறதில்ல. பேசாம இருங்க."

கடைசியில் சமாதானம் வந்தது. எங்கேயோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்களாம். செத்துப்போன சிற்றரசரின் மகன் வந்தார். ஊர் மறுபடியும் கால்வின் சபை. வந்த போதகர் மெல்கியோர் சண்டைக்கு நடுவே அயலூரில் பிறந்து வளர்ந்தவர். மூப்பர்களோடு உட்கார்ந்து ஒட்டிலியாவை விசாரித்தார். அவளுக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது.

"சண்டை நடந்த வருஷங்கள்ல நீங்க பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"கூடாதுன்னு தெரியுமில்ல?"

ஒட்டிலியா வெடித்துவிட்டாள். "தெரியும் போதகரய்யா! கூடாதுன்னும் தெரியும், கொடுத்தே ஆகணும்னும் தெரியும், கொடுத்துட்டுச் சொல்லணும்னும் தெரியும். இதே ரூம்புல, இதே மேசைமேல கை வெச்சு எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். புஸ்தகம்தான் வேற வேற. நீங்க எல்லாரும் ஒரு தடவை ஒண்ணா உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிடக் கூடாதா? பிள்ளை வழுக்கும்யா! கையில வழுக்கிக்கிட்டே இருக்கும். அதைப் பிடிப்பேனா, இப்ப ஆள்றது யாருன்னு ஜன்னல்ல எட்டிப் பார்ப்பேனா?"

ஒரு மூப்பர் சிரிப்பை அடக்க இருமினார். மெல்கியோர் சிரிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் சபை முன்னால் நின்று மனம் வருந்த வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது என்றார். போடா என்று சொல்லிவிடத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் பக்கத்தில் எங்கும் வேறு மருத்துவச்சி இல்லை. தெருவில் நிறை வயிற்றோடு நடப்பவர்களில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

நின்றாள். கல்தரை காலைக் கடித்தது. மெல்கியோர் சுருக்கமாகப் பேசப் பழகாதவர். முன்வரிசையில் சிபில்லா உட்கார்ந்திருந்தாள், பிறகு பிறந்த இரண்டு மகள்களோடு. இரண்டு பேரையும் ஒட்டிலியாதான் பிறக்கவைத்தாள். சிபில்லா ஆள் அனுப்புவாள், கூலியாக ரொட்டி கொடுப்பாள், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டாள்.

"செய்ததற்காக மனம் வருந்துகிறாயா?" என்று போதகர் கேட்டார்.

ஊற்றியது எதற்கும் அவளுக்கு வருத்தம் வரவில்லை. ஜன்னலோரத்து ஜாடியை நினைத்தாள். அதற்கு வருத்தம் இருந்தது, வேண்டிய மட்டும்.

"வருந்துறேன்," என்றாள், கோயில் முழுக்கக் கேட்கும்படி. போதகருக்குத் திருப்தி. சிபில்லா அவளையே பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் மகள்களைக் கூட்டிக்கொண்டு பக்கவாசல் வழியே போய்விட்டாள்.

அன்று மதியம் வெண்டல் முட்டைக்கோஸ் சூப்பை அடிப்பிடிக்க விட்டிருந்தான். அதற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஒட்டிலியா கரிந்ததை ஒதுக்கிச் சாப்பிட உட்கார்ந்தபோது வண்டிக்காரன் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டதாக ஆள் வந்தது. "ஒரு வாய் நிம்மதியா விழுங்க விடறாங்களா பாரு," என்று பையை எடுத்தாள். அங்கே போதகரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று மாமியாரும் மருமகளும் வலிக்கு நடுவிலும் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஒட்டிலியா மாமியாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதன்பின் அவள் சாகும்வரை சாத்திய பிரசவ அறைக் கதவுகளுக்குள் தண்ணீர் ஊற்றினாளா இல்லையா என்று ஊரில் எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை.