இடது கையில் ஊசி, வலது தோளில் காவடி!

என் எழுத்துக்கு எவ்வளவு சக்தி என்பதைப் போன வாரம் திருத்தணியில் கண்ணால் பார்த்தேன். நான் எழுதிய நாலு வரியைக் கேட்டு ஜனங்கள் ஓட்டமாய் ஓடினார்கள் — ஊசி போடும் கொட்டகைக்கு அல்ல, ரயில் ஸ்டேஷனுக்கு!

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வாந்திபேதி பரவாமலிருக்க, மலையடிவாரத்தில் குளத்துக்குப் பக்கத்தில் தடுப்பூசிக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே டாக்டர் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். "நீதான் பத்திரிகையில் எழுதுகிறாயே, மனசில் தைக்கிற மாதிரி ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடேன்" என்றார்.

கேட்க வேண்டுமா? 'காலரா பயங்கரம்! ஊசி போடாதவர்களுக்கு மரணம் நிச்சயம்!' என்று ஆரம்பித்து வெளுத்து வாங்கினேன். தமுக்கு அடிக்கிற முருகேசன் அதைத் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் முழங்கினான்.

விளைவு? "ஐயையோ, இங்க காலரா வந்துட்ச்சாம்!" என்று, அரக்கோணம் ரயிலில் அப்போதுதான் வந்து இறங்கிய குடும்பங்கள் மூட்டையோடு திரும்பின. மற்றவர்கள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மலையேறினார்கள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

ஒரே ஒரு பெண் மட்டும் நின்றாள். மணவூரில் கழனி வேலை செய்கிற முனியம்மா. பக்கத்தில் மஞ்சள் வேட்டியும் காவடியுமாக அவள் புருஷன் கன்னியப்பன். அத்தை மகன் என்பதால் அவளுக்கு அவன் 'பாவா'.

"ஏங்க, இத்தப் போட்டுக்கினா கை வலிக்குமா?"

"அதெல்லாம் ஒன்றும் வலிக்காது, அம்மா" என்றேன்.

"நீங்க போட்டுக்கினீங்களா?"

நான் எங்கே போட்டுக்கொண்டேன்? காலையிலிருந்து அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறேன். ஆனால் ஊசியைக் கண்டால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உதறல்!

வேறு வழி? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி ஏறியதும் "அம்மாடி!" என்று கத்திவிட்டேன். சுற்றிப் போனவர்களெல்லாம் நின்று சிரித்தார்கள். முனியம்மா சிரிக்கவில்லை.

"வலிக்குது இல்ல? அத்தச் சொல்றதுக்கு இன்னா? எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு வாந்திபேதியிலதான் பூட்சி. சாவு தெரியாதவங்களா நாங்க? பாவா காவடி எடுக்கணும். கை வீங்கிக்கினா வேண்டுதல் இன்னா ஆவறது? அதாங்க பயம்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "கை வலிக்கும், அம்மா. லேசாகக் காய்ச்சலும் வரலாம். ஓரிரண்டு நாளில் சரியாகிவிடும். இடது கையில் போடுகிறேன், காவடியை அவர் வலது தோளில் எடுத்துப் போகட்டும். விரதத்துக்கும் பங்கம் இல்லை."

"ஆங்... அப்போ போடுங்க. மொதல்ல எனக்கு."

நான் நோட்டீஸைக் கிழித்தேன். முருகேசனைக் கூப்பிட்டேன். "இனிமேல் இதைச் சொல்லு — இடது கையில் ஊசி, வலது தோளில் காவடி! ஓரிரண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான்!"

அவன் தலையைச் சொறிந்தான். "சார், எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க. அப்பால அடிக்கிறேன்."

அடித்தான் பாருங்கள்! சட்டைக் கையை மடித்து, ஊசி போட்ட இடத்தைக் காட்டிக்கொண்டே அடித்தான். அரை மணியில் க்யூ குளக்கரை வரை போய்விட்டது! அம்மையார்குப்பத்து நெசவாளிகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஸ்டவ்வில் ஊசி கொதிப்பதற்குள் அடுத்த கை நீண்டது. டாக்டருக்குச் சாப்பிட நேரமில்லை. எனக்கோ, பசியே இல்லை! என் வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் இப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை, ஐயா!

சாயங்காலம் அந்தத் தம்பதி மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். கன்னியப்பன் இடது கையைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"ரொம்ப வலிக்குதுடி... இந்த மருந்த நம்பலாமா?"

"வலிக்கும்னு மொதல்லயே சொன்னாங்க இல்ல, பாவா? அது பொய்யா பூட்சா? அப்போ மத்ததும் பொய்யாவாது. வா, ரயிலுக்கு நேரமாச்சி."

ஊருக்கு நல்லது சொல்லக் கிளம்பியிருக்கும் எழுத்தாளச் சகோதரர்களே — முதலில் வலியைச் சொல்லிவிடுங்கள்!