தமிழில் கேட்டால் பொள்ளாச்சி

கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கும் வனிதா, எதையும் விளங்கச் சொல்வதில் கெட்டிக்காரி. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே புரோகிராம் சொல்லித் தருவாள் என்று மாணவிகள் கேலி செய்வார்கள். வேலை தற்காலிகம்தான். இந்த லட்சணத்தில் ஏஐ பாதுகாப்பு ஆராய்ச்சி என்று கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்.

அவள் கண்டது எளிய விஷயம். போனில் இருக்கும் ஏஐயிடம் தமிழில் பேசினால், பேசுகிறவர் தமிழ்நாட்டுக்காரர் என்று அதுவே முடிவுகட்டிவிடுகிறது. தமிழ் பேசிக்கொண்டு கேரளத்து ரேஷன் வாங்கும் சனம் இருப்பது அதற்கு எட்டவில்லை. ரேஷன் அட்டைக்குக் கோயம்புத்தூர் அலுவலகத்தைக் காட்டினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணனைப் பாம்பு கடித்தபோதுதான் குடி முழுகியது.

அன்று அந்த வீட்டில் மருமகள் மௌனிகா மட்டும் இருந்தாள். உடுமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. மலையாளம் வராது, ஊரும் பிடிபடவில்லை. போனில் ஏஐயிடம் தமிழில் கேட்டாள். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னது. தேங்காய் ஏற்ற வந்திருந்த பொள்ளாச்சி வண்டியை நிறுத்தி மாமனாரை ஏற்றினாள். எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுமுன் உயிர் போய்விட்டது. விஷமுறிவு மருந்து இருந்த ஆஸ்பத்திரி எதிர்த்திசையில், சித்தூரிலேயே இருந்தது. கிடைத்தது பொள்ளாச்சி வண்டி, அதனால் அங்கே போனார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

மௌனிகா உண்மையை வனிதாவிடம் மட்டும் சொன்னாள். "அக்கா, ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. அத்தைக்குத் தெரிஞ்சா நான் இந்த ஊட்டுல இருக்க முடியாதுங்க."

வனிதா வாக்குக் கொடுத்தாள். பிறகு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுக் கொச்சியில் ஓர் அறக்கட்டளையின் முன் போய் நின்றாள்.

"பணம் கொடுத்தால் ஏஐ எப்படிப் பாதுகாப்பாகும்?" என்று அங்கே ஜோமோள் என்ற அதிகாரி மலையாளத்தில் கேட்டார். வனிதாவும் மலையாளத்திலேயே விளக்கினாள்.

"பணம் ஏஐயைத் திருத்தாது, மேடம். அது எங்கே சறுக்குகிறது என்று தேட ஆள் வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பாம்புக்கடி, பூச்சிமருந்து, பிரசவ வலி என்று தங்கள் பேச்சிலேயே அதைக் கேட்டுப் பார்ப்பார்கள். தோட்டங்காட்டு வேலையை விட்டு வருகிறவர்களுக்குக் கூலி தர வேண்டும். பதில் சரியா என்று பார்க்கும் டாக்டருக்கும் தர வேண்டும். பிழைகளைத் திரட்டிக் கம்பெனிக்கு அனுப்பி, திருத்திய பிறகு மறுபடியும் கேட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனியிடமே காசு வாங்கினால் பிழையைச் சொல்ல வாய் வராது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்."

ஜோமோளுக்கு நன்றாகவே விளங்கியது. "இதனால் யாருக்காவது உயிர்ச்சேதம் ஆகியிருக்கிறதா? ஒன்றே ஒன்று காட்டினால் போதும்" என்றார்.

பெயர் சொல்லாமல் சொல்லலாம்தான். ஆனால் பாம்பு கடித்துப் பொள்ளாச்சி வழியில் இறந்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான்.

"என் கையில் இல்லை, மேடம்."

"ஆதாரம் கிடைத்ததும் வாருங்கள்."

ஆள் செத்தால்தான் பாதுகாப்புக்குப் பணம் என்பது என்ன நியாயமோ. வனிதா பஸ் ஏறி ஊர் வந்தாள்.

மௌனிகா வாசல் குழாயடியில் நின்றிருந்தாள். "சொல்லிப்போட்டீங்களாக்கா?"

"இல்ல கண்ணு."

"பணம்?"

"அதுவும் இல்ல."

மௌனிகா குழாய்க்கடியில் குடத்தை நேராக்கி வைத்தாள். "என்ற பேரைச் சொல்லியிருந்தா கெடச்சிருக்குமாங்க?"

எதையும் விளங்கச் சொல்கிறவள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். அதற்குள் மாமியார் கமலாத்தாள் காப்பியோடு வெளியே வந்தாள். போன காரியம் ஆகவில்லை என்பது வனிதாவின் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவளைத் தேற்றத்தான் கமலாத்தாள் பேச்சுக் கொடுத்தாள்.

"எல்லாம் நாம நெனச்சபடியா நடக்குது வனிதா? அவரு போனதுல எனக்கு ஒரே ஆறுதல் இவதான். அன்னைக்கு இந்தப் புள்ள இல்லீன்னா அவரை வண்டியேத்தக்கூட ஆளில்ல. தனியாளா என்ன சாமர்த்தியமா கொண்டுபோயிருக்கறா பாரு."

மௌனிகா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குடம் பாதிகூட நிரம்பவில்லை.