லேடீஸ் பெட்டியும் லோடு டெம்போவும்

போன வாரம் மகளின் காரில் பூந்தமல்லிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். போய்க்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, நின்றுகொண்டிருந்தோம். வானொலியில் இரண்டு பேர், அரசாங்கம் பணத்தை ரயிலில் போடவேண்டுமா, ரோட்டில் போடவேண்டுமா என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாகப் போட்ட தார் இன்னும் ஆறவில்லை. ஜன்னலை இறக்கினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கஸ்தூரியக்காவின் குரல் கேட்டது.

எண்பதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து பட்டாபிராமில் இருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், இயந்திரங்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போன புதிதில் எல்லாரும் "கீது, கீது" என்று பேசுவதைக் கேட்டு, கீதா என்று யாரோ ரொம்ப முக்கியமான பெண் இருக்கிறாள் போலிருக்கிறது, நம்மிடம் மட்டும் காட்டமாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மயக்கத்தைத் தெளிவித்தவள் கஸ்தூரியக்காதான். ரயில் பெட்டியே அதிரும்படி சிரித்துவிட்டு, "அட லூசு, இருக்குதுன்றததான் கீதுன்றோம்" என்றாள்.

அக்காவும் அதே கம்பெனி. வளையங்களின் ஓரத்தில் பிசிறு வெட்டும் வேலை. அவள் நெமிலிச்சேரியில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான பட்டாபிராமில் ஏறும் எனக்காக ஜன்னலோரம் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். எவ்வளவு மல்லிகைப்பூ வைத்தாலும் எங்கள் இருவர் மேலும் ரப்பர் வாசனைதான் அடிக்கும். லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்தோம், தலை பின்னினோம், மாமியார்களைத் திட்டினோம். அவள் அம்மா காலம் வரை கழனிக் கூலிதான். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள். அந்த ரயில் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

அவள் கணவர் தனபால் அண்ணன் லோடு டெம்போ ஓட்டினார். குண்டும் குழியுமான ரோட்டில் மாதத்துக்கு ஒரு முறை வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடையும். ஆகவே வீட்டில் தினமும் ரயிலுக்கும் ரோட்டுக்கும் சண்டை. காலையில் அதன் மிச்சத்தை எங்களுக்குச் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிகாரி ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வருகிறார் என்று அக்காவின் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இன்னும் கூடுதலாக ரயில் விடுவதா, ரோட்டை அகலமாக்குவதா என்பதுதான் பேச்சு. அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். தனபால் அண்ணன்தான் முதலில் எழுந்தார்.

"ரயிலு அது இஷ்டத்துக்குதான் போவும் சார். ரோடுதான் நம்ம ஊட்டு வாசலுக்கு வரும். மூத்தவன் பொறக்க சொல்லோ இவள மூணு சக்கர மீன்பாடி வண்டில வச்சு தள்ளிகினு போனேன். பள்ளத்துல எறங்கி ஏற சொல்லோ இவ கத்தின கத்து இன்னும் காதுல கீது. அன்னிக்கு ரயிலா வந்து தூக்கிகினு போச்சு?"

மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து கஸ்தூரியக்கா எழுந்துவிட்டாள். ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண் புருஷனுக்கு எதிராக எழுந்து நிற்பதை அதற்கு முன் அங்கே யாரும் பார்த்ததில்லை.

"அவரு சொன்னது நெசந்தான். ஆனா எனுக்கு ரயிலுதான் வோணும். பஸ்ஸுல தொங்கிகினு போனா கண்டவன் இடுப்புல கை வைக்கிறான். ரயில்ல மானமா குந்திகினு போறேன். ரோடு போட்டா அவரு டெம்போ ஓட்டுவாரு, நீங்க காரு ஓட்டுவீங்க. எங்கிட்ட ஓட்டறதுக்கு இன்னா கீது?"

தனபால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "ரோடுன்னு மேலிடத்துல ஏற்கெனவே முடிவாயிடுச்சும்மா. உங்க கருத்தையும் கேட்டுக்கலாம்னுதான் வந்தோம்."

கை தட்டியவர்களுக்குக்கூட அது சந்தோஷமாக இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடந்து போனார்கள்.

அடுத்த கோடையில் ரோடு வேலை தொடங்கியது; லேடீஸ் பெட்டிக்குள் வரை தார் வாடை வந்தது. காலையில் நான் ரயிலிலிருந்து பார்த்த புளியமரங்கள் சாயங்காலம் திரும்பும்போது இல்லை. பாதி வழியில் ரயில் தப்பான ஊருக்கு வந்துவிட்டதோ என்று நிஜமாகவே பயந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அக்காவின் ஊர், இந்தப் பக்கம் ஸ்டேஷன். முன்பு பத்து எட்டு வைத்துக் கடந்த இடத்தில், ரோடு முடிந்ததும் லாரிகள் கண்மண் தெரியாமல் பறந்தன.

ஒரு திங்கட்கிழமை பட்டாபிராமில் ஏறினேன். என் ஜன்னலோர இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பூக்காரம்மாதான் சொன்னாள்: "கஸ்தூரிய லாரி அடிச்சிட்ச்சிமே. ரயிலு வருதுன்னு ரோட்ல ஓடி வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிகினு போறாங்க." அம்பத்தூரில் நான் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. சென்ட்ரல் வரை போய், எதிரே இருந்த பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கண் விழித்ததும் அவள் கேட்டது, "ரயிலு போயிட்ச்சா?" தனபால் அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் கேட்ட ரோடும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை ஊர் முதலில் பைத்தியக்காரத்தனம் என்றது. தினமும் காலையில் ரயில் வரும் நேரத்துக்கு டெம்போவைக் கொண்டுவந்து ரோட்டின் குறுக்கே நிறுத்திவிடுவார். இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்கும், வசவு பறக்கும். அவர் கையை விரித்துக்கொண்டு நிற்க, வேலைக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும் கடந்து போவார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து மிரட்டினார். "அப்ப நீ வந்து நில்லு சார், நான் என் பொழப்ப பாத்துகினு போறேன்" என்றார் அண்ணன். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரவில்லை.

மறு வருஷம் செயற்கைக் காலோடு கஸ்தூரியக்கா அந்த டெம்போவின் மறைவில் மெதுவாக ரோட்டைக் கடந்து வந்தாள். பெட்டியில் ஏறியதும் பெண்கள் எல்லாரும் எழுந்துகொண்டார்கள். "இன்னாத்துக்கு எல்லாம் எழுந்துக்கறீங்க? நான் இன்னா கலெக்டரா?" என்று அதட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் கல்யாணமாகி ஊரை விட்டுப் போனேன். தொண்ணூறுகளின் முடிவில் கம்பெனியை மூடினார்கள். தனபால் அண்ணன் சர்க்கரை வியாதியில் போய்விட்டார் என்றும், அக்கா மகனோடு ஆந்திரப் பக்கம் போனாள் என்றும் யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து திரும்பும்போது, நெமிலிச்சேரி வழியாகப் போ என்று மகளிடம் சொன்னேன். இறங்கிப் பார்த்தேன். ரோட்டின் நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, இடுப்பளவு சிமென்ட் சுவர். செல்போன் கடை வாசலில் இருந்த பெண்ணிடம், "இங்கதானே ஸ்டேஷனுக்கு ரோட்டைத் தாண்டிப் போற வழி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கயா? இங்க ஏது ஆன்ட்டி வழி?" என்றாள்.