முட்டை இல்லாத அரைமணி நேரம்

பொரிப்பகத்தில் முட்டையே இல்லாத அரைமணி நேரம் எப்போது வரும்? இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மலேசியாவின் குளுவாங் நகருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்று பெயர். இருப்பது நான் ஒருத்திதான். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. கட்டடம் முழுவதும் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து ஆளும் கண்ட்ரோலர் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. பழையதற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. மாற்றலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "அது உங்க வேலைதானேம்மா. நீங்களே முடிவு பண்ணி வெள்ளிக்கிழமை சொல்லுங்க," என்றார்.

வேறு அலுவலகமாக இருந்தால் வைஃபை அரைமணி நேரம் நின்றதற்கு நாலு பேர் முணுமுணுப்பார்கள். இங்கே முட்டைகளை அடைகாக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் வெப்பத்தை அளக்கும் சென்சர் இருக்கிறது. சூடு ஏறினால் அது வைஃபை வழியாகத்தான் எங்கள் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும். மென்பொருளை மாற்றும்போது பெட்டிகள் எல்லாம் அணைந்து மறுபடி எழ வேண்டும். அதுவரை இயந்திரங்கள் தம் பாட்டுக்கு ஓடும். ஏதாவது ஒன்றில் விசிறி நின்றுபோனால் மட்டும் யாருக்கும் செய்தி வராது. உள்ளே இருப்பவை வெந்துவிடும்.

காலியான நாளாகப் பார்த்துச் செய்துவிடலாம் என்று எண்ணி, பொரிப்பறையைக் கவனிக்கும் அக்காவிடம் போனேன்.

"அக்கா, மெஷின்ல முட்டை இல்லாத நாள் எது?"

அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "காலி நாளா? நான் இங்க வந்ததிலேருந்து பாத்ததே இல்லலா. ஒரு பக்கம் பொரிச்சுக்கிட்டிருக்கும், ஒரு பக்கம் புதுசா அடுக்குவோம். தீபாவளி லீவெல்லாம் நமக்குத்தான்."

"அரைமணி நேரம் போதும்க்கா."

"அரைமணிக்கு இதையெல்லாம் எங்க கொண்டு போயி வைக்கிறது? உங்க மடியிலயா?"

சிரித்துக்கொண்டே என்னை உள்ளே அழைத்துப் போனார். மறுநாள் பொரியவேண்டிய தட்டு ஒன்றைப் பாதி இழுத்து, காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளிருந்து குரல் வந்தது. சின்னதாக, விட்டுவிட்டு. அது நின்றதும் தட்டின் மறுகோடியிலிருந்து இன்னொன்று கீச்சிட்டது.

"பேசிக்குதுங்களாக்கா?"

"அப்படித்தான் இருக்கு. என்னா பேசுதுன்னு என்னைக் கேக்காதீங்க."

சுவரைத் தாண்டிப் போகும் அலைகளோடுதான் என் பிழைப்பு. திரையில் தெரியும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்து ஒருநாளும் வியந்ததில்லை. அங்கே நின்றபோது, என் மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு மாதங்களுக்கு முன்பே கிளினிக்கில் அவள் இதயத்துடிப்பைக் கேட்டது நினைவுக்கு வந்தது. குதிரை ஓடுவதுபோன்ற அந்தச் சத்தம். இந்த அறையில் ஆயிரக்கணக்கான இதயங்கள், தலைக்கு மேலே கூரையில் என் வெள்ளைப் பெட்டி. அதன் விளக்கு அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பயம் கூடிவிட்டது. அந்த அறையின் பெட்டியை மட்டும் தனியாகப் பிரித்து, புதிய பதிப்பு போட்ட உதிரி கண்ட்ரோலரில் சேர்த்துப் பார்த்தேன். அக்கா இயந்திரத்தின் முன்னாலேயே நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டார். பெட்டி எழுந்தது, சென்சர் திரும்பி வரவில்லை. பழையதற்கே மாற்றினேன், வந்துவிட்டது. மறுபடி புதியதில் சேர்த்தேன். இந்த முறை ஒன்றுமே நடக்காததுபோல வந்து உட்கார்ந்துகொண்டது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், வீடு திரும்பும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்றபடி போனில் கேட்டார். "இப்ப ஒர்க் ஆகுதுல்ல? அப்புறம் என்னா?"

"முதல் தடவை ஏன் வரலைன்னு தெரியலங்க."

"பாப்பா தூங்கும்போது மூக்குல விரல் வச்சு மூச்சு வருதான்னு பாக்குற ஆளு நீ. உனக்கு எந்தப் பதிலும் பத்தாது."

உண்மைதான். ஆனால் மாற்றாமல் இருப்பதும் பாதுகாப்பில்லை. போன வாரம் பழைய மென்பொருளிலேயே ஒரு பெட்டி தானாக அணைந்து எழுந்தது.

அக்காவிடம் சொன்னேன். "மாத்துங்க. அன்னைக்கு மெஷினுக்கு ஒரு ஆளா முன்னால நிக்கிறோம். நீங்க வைஃபைய பாருங்க, நாங்க முட்டைய பாக்குறோம்," என்றார்.

அதனால் மாற்றுவது என்று முடிவுசெய்துவிட்டேன். எந்த நாள் என்பதில்தான் நிற்கிறேன். பொரிக்கும் நாளில் எல்லா ஆட்களும் வேலைக்கு வருவார்கள். ஆனால் ஓட்டை உடைக்கும் குஞ்சுகளின் உடற்சூட்டில் அறை மளமளவென்று சூடேறும். இடைப்பட்ட நாளில் முட்டைகள் அமைதியாக இருக்கும். ஆனால் இயந்திரத்துக்கு ஒருவர் நிற்க ஆள் போதாது.

மருத்துவமனையில், தண்ணீர் நிலையத்தில், ரயில் பாதையில் என்று ஒருபோதும் காலியாகாத இடங்களில் வேலை செய்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கான அரைமணி நேரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஆட்கள் நிறைந்த நாளையா, உயிர்கள் அமைதியாக இருக்கும் நாளையா? எனக்கு எழுதுங்கள்.