யோகப்பிரியா டீச்சரின் வட்டம்

இடது உள்ளங்கையில் திருநீற்றைக் கொட்டிக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒவ்வொரு நெற்றியிலும் கீற்றாக இழுத்துக்கொண்டே வருவார் யோகப்பிரியா டீச்சர். பன்னிரண்டு நெற்றிகள். பிறகு பெண்கள் வட்டமாக நின்று தோள்களில் கைபோட்டுக்கொள்ள, "மாரியாத்தா, காலுக்குப் பலங் குடு" என்று அவர் சொல்வார். அத்தனை பேரும் திருப்பிச் சொல்வார்கள். அதன்பின்தான் கோகோ ஆட்டம்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து மீனாட்சிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாக விளையாட்டு ஆசிரியை. சுடிதாருக்கு மேல் நீல டிராக்சூட் சட்டை, கொண்டையில் கனகாம்பரம். விசில் கழுத்தில் தொங்குமே தவிர ஊதமாட்டார். அவர் கைதட்டினால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்டத்தின்போது அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தோற்றால் திட்டும் கிடையாது. "போச்சாது உடு கண்ணு, கால் இருக்குதில்ல" என்பார்.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் உபஜில்லா போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குழாயடியில் டின்டு நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தார். பால் வண்டி ஓட்டும் ஜோபியின் மகள் அவள். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நெற்றி அரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பிடிக்கவில்லையென்றால் சொல்லியிருக்கலாமே என்றார்.

"வேண்டாம்னா டீம்ல எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன், டீச்சரே."

இரண்டு வருடமாக அப்படி நினைத்திருக்கிறாள்.

யோகப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. யாரையும் தாம் வற்புறுத்தியதில்லை என்றே நம்பியிருந்தார். ஆனால் அணியின் பெயர்ப்பட்டியலை எழுதுகிற கைதான் நெற்றியிலும் பூசுகிறது. அந்தக் கையை எந்தப் பிள்ளை தள்ளிவிடும்?

மறுநாளிலிருந்து வட்டம் இல்லை. யார் எந்தச் சாமியை வேண்டினாலும், வேண்டாவிட்டாலும், ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்.

கேப்டன் ஆனந்தியின் அப்பா கருப்புசாமி பள்ளிக்கே வந்துவிட்டார். யாரோ புகார் கொடுத்ததில் டீச்சர் பயந்துவிட்டதாக ஊரில் பேச்சாம். நம் சாமியை நாமே விட்டால் எப்படி என்று கேட்டார்.

"என்ர சாமிய நான் எங்கீங்க உட்டேன்? தெனமும் ஸ்கூல் வேன்ல ஏறறதுக்கு முன்னாலயே கும்புட்டுட்டுத்தான் வாரேன். பிள்ளைக நெத்தி என்ரதில்லீங்களே."

அப்படியானால் மகளை ஆட விடமாட்டேன் என்றார் அவர். அதை ஆனந்தியே சொல்லட்டும் என்று டீச்சர் நகர்ந்துவிட்டார். அன்று மாலை, தானே பூசிக்கொண்ட திருநீற்றோடு முதல் ஆளாக மைதானத்துக்கு வந்து நின்றாள் ஆனந்தி. டீச்சர் அவளை ஓடச் சொன்னார்.

போட்டியன்று அணிகளை வரிசையில் நிற்கச் சொல்லி நடுவர் கூப்பிட்டார். பதினோரு பேர் போய்விட்டார்கள். டின்டு மட்டும் கோட்டுக்கு வெளியே கண்களை மூடி உதடசைத்துக்கொண்டிருந்தாள். நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். யோகப்பிரியா அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார்.