அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்ததென்று நினைத்தேன்

போன தவக்காலத்தில் நான் சாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலை. மேல்வயிறு நெருப்பாய் எரிந்தது. சாப்பிட முடியவில்லை. தவக்கால ஒருசந்தி நோன்பு இருக்கிறேன் என்று வீட்டார் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர். கடைசி மாதங்களில் கையை வயிற்றில் அழுத்தியபடியே திரிவார். ஒருநாள் ஆபீஸ் லிஃப்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். என் கையும் அதே இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து அப்பா என் பின்னாலேயே நடப்பதுபோல் இருந்தது. உயிராய் நேசித்த அப்பாவுக்கே பயந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழங்காலில் இருந்தேன். "அந்தோனியாரே, அப்பாவுக்கு வந்தது எனக்கு வேண்டாம்." அதற்கு மேல் செபம் வரவில்லை. எழும்பும்போது கண் இருண்டது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மகள், வெளிக்குக் கறுப்பாப் போகுதா?"

யாருக்கும் சொல்லாத விஷயம். "ஓம்" என்று அழுதுவிட்டேன்.

"நான் முப்பது வருஷம் நர்ஸா இருந்தனான். இது உள்ளுக்கு ரத்தம் போறது. எழும்புங்க, த்ரீவீல் பிடிப்பம்."

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை அப்பா கட்டில் ஓரத்தில் நிற்பதாகவே உணர்ந்தேன்.

டாக்டர் வந்தார். "கேன்சர் இல்ல. வயித்துல ஒரு பக்டீரியா. அதாலதான் புண் வந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. பதினாலு நாள் மருந்து. ஒரு வேளையும் விடக்கூடாது."

"அப்பாவுக்கும் இதுலதான் தொடங்கினதா, டாக்டர்?"

"இருக்கலாம். இப்ப சொல்ல ஏலாது. கூடப்பிறந்தவங்களையும் செக் பண்ணச் சொல்லுங்க."

மாத்திரைகள் இரும்பாய்க் கசந்தன. ஒவ்வொரு வேளையும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி விழுங்கினேன். சில வாரங்களின் பின் செய்த பரிசோதனையில் கிருமி இல்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் ஒரு வருஷமா எரியுது, தங்கச்சி. அப்பாக்கு வந்த வருத்தம் எண்டு பயந்து ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

அவருக்கும் அதே கிருமிதான். இப்போது மருந்து முடித்துவிட்டார்.

அப்பாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் என் மன்றாட்டுக்குப் பதில் கிடைத்தது; கேட்கத் தெரியாத அண்ணாவுக்கும் சேர்த்தே கிடைத்தது. ஆண்டவருக்கும் புனிதருக்கும் நன்றி சொல்லி முடியாது.

பயத்தை ஒளித்துக்கொண்டு இதை வாசிக்கிறவர் இருந்தால், அதைக் கடவுளிடம் சொல்லுங்கள். பிறகு தாமதிக்காமல் டாக்டரிடமும் சொல்லுங்கள். தனியே போகப் பயமென்றால், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலில் இருப்பேன்; வந்து கேளுங்கள். நான் கூட வருகிறேன்.