பெருநாள் மாடும் என் அளவு நாடாவும்

மாடு நடப்பதை அளந்து, எந்தக் காலில், எந்த மூட்டில் கோளாறு என்று சொல்வது என் தொழில். சிரிக்காதீர்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை நொண்டும் மாட்டோடு தவித்தவர்களுக்கு என் பாடு விளங்கும். நொண்டி மாட்டை அறுத்துக் குர்பான் கொடுக்கக் கூடாது என்பதால் கல்முனைப் பக்கம் முழுக்க அப்போது என்னைத்தான் தேடும். எனக்கோ ஒரு நொண்டலைக் கண்டுவிட்டால் சாப்பாடும் வேண்டாம்!

ஈரமணல்

நல்ல மாட்டின் பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த தடத்திலேயே வந்து விழும். நோவுள்ள கால் அதுவரை எட்டாது. இதைப் பார்க்க ஈரமணலைப் போல வசதி வேறில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு மாட்டை நடக்கவிட்டு, குந்தியிருந்து உற்சாகமாகத் தடத்தை அளந்துகொண்டிருந்தேன். பாதிகூட முடியவில்லை, ஓர் அலை வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. வலை இழுத்துக்கொண்டிருந்த காக்கா ஒருவர் சத்தம் போட்டார்: "இன்னொருக்கா நடக்கச் சொல்லுங்க டொக்டர், மாடு சும்மாதானே நிக்கிது!"

கயிறு பிடித்தவர்

அட்டாளைச்சேனையில் ஒருவரின் மாடு அடியெடுத்து வைக்கவே தயங்கியது. கால்களைத் தடவிப் பார்த்தேன், வீக்கமுமில்லை, சூடுமில்லை. பிறகுதான் கயிறு பிடித்து முன்னால் போனவரைக் கவனித்தேன். அவருக்கு முழங்கால் வாதம். அவர் நிற்க மாடும் நின்றது. கயிற்றை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். மாடு ஜோராக நடந்தது. அந்த ராத்தா கயிற்றை விடாமலே சொன்னார்: "மாட்டுக்கு ஒண்டுமில்ல, இவரத்தான் ஒருக்கா அளந்து பாருங்க டொக்டர்!"

முடிச்சு

மருதமுனையில் ஒரு நெசவுக்கார வீடு. சித்தி என்ற ராத்தா முதன்முதலாகக் கொடுக்கப்போகும் குர்பான் அது. பெருநாளுக்கு முதல் நாள் காலையில் மாடு நொண்டுகிறது. "இனி வேற மாட்டுக்கு நான் எங்க போற?" என்று தலையில் கைவைத்துவிட்டார்.

வளவு மணலில் தண்ணீர் தெளித்து நடக்கவிட்டேன். இடது பின்கால் எட்டவில்லை. குளம்பில் முள்ளுமில்லை. கணுக்கால் மயிரை விலக்கினால், நெசவு நூல்! இறுக்கிச் சுற்றியிருந்தது. நல்ல காலம், தோலை வெட்டவில்லை. நூலை நறுக்கி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்குளம்பு தடத்தில் அச்சாக வந்து விழ, நான் கைதட்டியே விட்டேன். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்தார்.

"நூல் தானாகச் சுற்றும் சரி, தானாக முடிச்சும் போடுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். மாட்டுக்குப் புல் நீட்டிக்கொண்டிருந்த அவரின் சின்ன மகள் வெடித்து அழுதாள்: "நொண்டி மாட்ட அறுக்கக் கூடாதெண்டு மதரசாவுல சொன்னாங்க, உம்மா!"

மாட்டின் நடையை நேராக்கிய கெட்டிக்காரன் நான், அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது என் நடையை யாரும் அளக்காதது நல்லதாய்ப் போயிற்று.